மேஜரின் உயரம்

ஒரு பெண்ணுக்குப் போட்டியாக இன்னொருத்தி வந்தால் அவளைச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது. சக்களத்தி என்று சொல்லிவிட்டால் பாதி ஆத்திரம் அந்த வார்த்தையிலேயே இறங்கிவிடும். ஆணுக்கு அப்படி ஒருவன் வந்து வாய்த்தால் அவனை என்னவென்று சொல்வது? மருந்துக்கடைக்காரர் எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அதனால் வீட்டில் எல்லாரும் சொல்வதுபோலவே அவரும் 'மேஜர்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதெல்லாம் வயிறு எரியும். கடையில் இருந்த எந்த வயிற்றெரிச்சல் மாத்திரைக்கும் அது அடங்கவில்லை.

மேஜர் செத்துப்போய் மூன்று தலைமுறை ஆகிறது. போரின் கடைசிக் குளிர்காலத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்த காயம்பட்ட சிப்பாய்களைத் தூக்கிவர இரண்டு தடவை போய்த் திரும்பினார். மூன்றாவது தடவை போனவர் வரவில்லை. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. பிரச்சினையே அங்கேதான் இருந்தது. மேஜருக்கு இனிமேல் முடி கொட்டாது, தொப்பை விழாது, முட்டி வலிக்காது, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேட மாட்டார். மருந்துக்கடைக்காரருக்கு இத்தனையும் உண்டு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இவர் உயிரோடு இருக்கும்போதே சில்லறைக்குத்தான் போனார்.

மேஜரை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தது அவர் மனைவி. ராணுவ ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர் வேலை. "எங்க வீட்டுப் பெரியவர் போர்ல ஆபீசரா இருந்தாராம், ஒரே ஒரு போட்டோதான் இருக்கு" என்று யாராவது வருவார்கள். தோளில் எத்தனை நட்சத்திரம், தொப்பியில் எந்தச் சின்னம், மார்பில் பதக்க நாடாக்கள் எந்த வரிசையில் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இன்ன வருஷம், இன்ன படைப்பிரிவு என்று சொல்லிவிடுவாள். அப்புறம் வருஷாவருஷம் அச்சான ஆபீசர் பட்டியல்கள், இடமாற்ற உத்தரவுகள், இறந்தோர் பதிவுகள் என்று தேடித் தேடி, துண்டு துண்டாகக் கிடக்கும் ஒரு மனிதனைச் சேர்த்துத் தைத்து எழுப்பிவிடுவாள். கெட்டிக்காரி. அதில் மருந்துக்கடைக்காரருக்குப் பெருமைதான். ஆயிரம் ஆபீசர்களை அவள் தைத்து எழுப்பி அவரவர் வீட்டுக்கு அனுப்பியபோது அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மேஜரைத் தேடி மட்டும் யாரும் வரவில்லை. கேட்பாரில்லாத அந்த மனிதனை அவளே எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஆணி அடித்து மாட்டியும் விட்டாள்.

ஸ்டூடியோவில் எடுத்த முழு உருவப் படம். ஒரு கால் படிக்கட்டின் மேல், தொப்பி அக்குளில், மழமழவென்று சவரம் செய்த தாடை, உதட்டோரம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு சிரிப்பு. கால் எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாத அளவுக்கு நீளம். ஆள் பனைமரம்.

அந்த உயரம்தான் மருந்துக்கடைக்காரரைக் கொன்றது. அவர் குள்ளம். மனைவி அவரைவிட நாலு விரற்கடை உயரம். கல்யாணமான நாளிலிருந்து அவள் குதிகால் வைத்த செருப்புப் போட்டதில்லை. ஏன் என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வாசலில் கிடக்கும் அந்த மட்டச் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம், நம்மேல் இவளுக்கு ஆசை இருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்வார். கடையில் கவுண்டருக்குப் பின்னால் நீளமாக ஒரு பலகை போட்டு, அதன்மேல் நின்றுதான் வியாபாரம் செய்வார். தெருவில் பார்க்கிற வாடிக்கையாளர்கள் ஒரு கணம் தேடிவிட்டு, குனிந்து, "அட, நீங்களா!" என்பார்கள். "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுங்க" என்று அவரே முந்திக்கொள்வார். அடுத்தவன் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிட்டால் பாதிதான் வலிக்கும். இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், எந்தப் படத்தைப் பார்த்தாலும், முகத்துக்கு முன்னால் அவர் கண் போவது தலைகளின் உச்சிக்குத்தான். யார் யாரைவிட உயரம் என்று அளந்து முடித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

சாப்பிட உட்கார்ந்தால் மேஜர் பேச்சுதான்.

"இன்னைக்கு ஒண்ணு கிடைச்சதுங்க. மேஜர் தன் சிகரெட்டையெல்லாம் சிப்பாய்ங்களுக்குக் குடுத்துடுவாராம். ஒரு சிப்பாய் பின்னால எங்கயோ பேட்டியில சொல்லியிருக்கார்."

"அவருக்குப் புகை ஒத்துக்காம இருந்திருக்கும்" என்பார் மருந்துக்கடைக்காரர்.

கல்லூரியில் படிக்கும் மகள் தட்டைப் பார்த்துச் சிரிப்பாள். அவளும் அம்மாவைப்போல நெட்டை. "அப்பா, செத்துப்போன மனுஷனோட என்னப்பா போட்டி?"

"போட்டியா? எனக்கா? அவன் யாரு, நான் யாரு!"

"அதான் நானும் கேக்கறேன்."

மருந்துக்கடைக்காரர் சும்மா இருப்பவர் இல்லை. எந்த மனிதனிடமும் ஒரு ஓட்டை இருந்தே தீரும் என்பது அவர் கட்சி. மனைவி எழுதி வைத்ததையெல்லாம் பிரதி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய்ப் படித்தார். இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் இருமி இருமி அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. பிறகு ஒன்றுமே தெரியாதவர்போல வீட்டில் கேட்பார்.

"ஏம்மா, உன் மேஜர் சீட்டாடுவாரா?"

"மாட்டார்."

"குடி?"

"ஒரு சொட்டு கிடையாது."

"பொம்பளை விஷயம் எப்படி?"

"கல்யாணமே பண்ணிக்கலைங்க, பாவம்." அந்தப் 'பாவ'த்தில் இருந்த குழைவு அவருக்கு எத்தனையோ வருஷமாகக் கிடைக்காதது. அதோடு விட்டாளா? "நீங்க இவ்வளவு ஆர்வமா கேப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லை. சந்தோஷமா இருக்கு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சொந்தப் புருஷன் கையை மேஜர் புண்ணியத்தில் பிடிக்கிறாள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்திருப்பார். பொறுக்க முடியாதது, மேஜரைப் பற்றி அவள் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தின் மருத்துவமனை அத்தியாயம்.

மேஜரின் வாழ்க்கையில் நடுவே எட்டு மாதம் காணவில்லை. அந்தக் காலத்துப் பதிவுகள் குண்டு விழுந்து எரிந்துவிட்டன. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. பின்னால் வந்த பட்டியலிலும் அதே பெயர், அதே முதலெழுத்து, அதே படைப்பிரிவு, ஒரு படி மேலான பதவி. இந்தத் தொழிலில் இப்படி ஓர் இடைவெளி வந்தால் அதை அடைக்க ஒரு வழக்கம் உண்டு. ஆள் காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்தான் என்று வைத்துக்கொள்வார்கள். போர்க்காலத்தில் ஓர் ஆபீசர் வேறெங்கே போவார்? திரும்பி வந்த பிறகு எடுத்த படங்களில் மேஜருக்குப் பெரிய தாடி இருந்தது. முகத்துத் தழும்பை மறைக்க வளர்த்திருப்பார் என்று அவள் முடிவு கட்டினாள். எல்லாம் பொருந்தி வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மருந்துக்கடைக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மனைவி கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வலியிலும் அவருக்கு ஒரு சுகம் இருந்தது, ஒருவழியாக நம்மிடம் வந்துவிட்டாள் என்று. அவள் மடியில் காகிதம் வைத்து எழுதிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்தபிறகு அவர் அந்த அத்தியாயத்தைப் படித்தார். ஜன்னல் வெளிச்சம் போர்வையில் ஏறி இறங்குவது, தாதியின் செருப்புச் சத்தம், தண்ணீர் கேட்டு உலர்ந்த உதடு, நெற்றியில் துளிர்த்த வியர்வையை ஒரு கை துடைப்பது, எல்லாம் இருந்தது. அந்த நெற்றி அவருடைய நெற்றி. அந்த வியர்வை அவர் பட்ட வேதனை. அத்தனையையும் சுரண்டி எடுத்து அந்தப் பனைமரத்துக்குப் பூசிவிட்டாள். கையெழுத்துப் பிரதியைப் படித்தவர்கள் எல்லாரும் புத்தகத்திலேயே சிறந்த இடம் அதுதான் என்றார்கள்.

புத்தகத்தைக் காப்பகமே போட்டது. வெளியீட்டோடு ஒரு கண்காட்சியும் ஏற்பாடாகியிருந்தது. மேடையில் மேஜர் ஆளுயரக் கட்-அவுட்டாக நிற்பாராம். அச்சுக்குப் போகும் முன் கடைசிப் பிழைதிருத்தம் பார்த்துத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, மனைவியும் மகளும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள்.

"என்ன வாங்கப் போறீங்க?"

"செருப்புங்க. கொஞ்சம் குதிகால் வச்சதாப் பாக்கலாம்னு இருக்கேன். மேடையில மேஜர் கட்-அவுட் பக்கத்துல நிக்கணுமில்ல? அவ்வளவு உயரத்துக்குப் பக்கத்துல நான் மட்டமா நின்னா நல்லாவா இருக்கும்?"

வாசலில் கிடந்த மட்டச் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் போனாள். நாளைக்கு அது மூலையில் கிடக்கும் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த வயதில் செருப்புக்காக அழுதால் ஊர் சிரிக்கும் என்று தேநீர் போடப் போனார்.

கோப்பையோடு வந்து மேஜர் முன்னால் நின்றார். "வாங்க சார், நல்லா இருக்கீங்களா? குளிருதா? டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டு, விறைப்பாக நின்று ஒரு சல்யூட்டும் அடித்தார். கோப்பை இருந்த கையாலேயே அடித்துவிட்டார். தேநீர் பாதி அவர் நெற்றியில், மீதி மேஜைமேல்.

மேஜைமேல் இருந்தவை மனைவியின் படியெடுப்புத் தாள்கள். குழுப் படம் ஒன்றில் இருப்பவர்களை அடையாளம் காண அவள் செய்யும் முறை அது. படத்தின்மேல் மெல்லிய கண்ணாடித்தாளை வைத்து, ஒவ்வொருவரின் வெளிக்கோட்டையும் பென்சிலால் வரைந்து, உருவத்துக்குள் எண் போடுவாள். தெரிந்தவருக்குப் பெயர் எழுதுவாள். கண், மூக்கு, மீசை எதுவும் இருக்காது. வெறும் ஆள் வடிவங்கள் மட்டும். மேஜர்மேல் இருந்த கோபம் வேறு, மனைவியின் உழைப்பு வேறு. துண்டை எடுத்து ஒற்றினார், ஊதினார், கடைசியில் ஈரத்தாள்களை ஒவ்வொன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தார். வெயில் பட்டால் காயட்டும்.

பிறகு தள்ளி நின்று பார்த்தார். வழக்கம்போல அவர் கண் தலைகளின் உச்சிக்குப் போனது.

எல்லாத் தாளிலும் ஒருவரை முகமில்லாமலே தெரிந்தது. படைப்பிரிவின் கர்னல். பானை வயிறும் கையில் தடியுமாக எங்கே நின்றாலும் அவர்தான். ஒவ்வொரு தாளிலும் கர்னலுக்குப் பக்கத்தில் நின்ற உருவத்துக்குள் மனைவி 'மேஜர்' என்று எழுதியிருந்தாள். முதல் தாளில் அந்த உருவம் கர்னலைவிட ஒரு தலை உயரம். அடுத்ததில் கர்னலின் காது வரைக்கும்தான் வந்தது. அதற்கடுத்ததிலும் காது. இன்னொன்றிலும் காது.

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். நெற்றியில் இருந்தது. அலமாரியிலிருந்து அசல் படங்களை எடுத்து வந்து வைத்துப் பார்த்தார். எல்லாரும் நின்றது சமதரையில், பாதங்கள் பளிச்சென்று தெரிந்தன. முதல் படம் அந்த எட்டு மாதத்துக்கு முன்னால் எடுத்தது, தாடியில்லாதது. மற்றதெல்லாம் பின்னால், தாடியோடு. ஒருவன் தாடி வளர்க்கலாம், தழும்பு வாங்கலாம், இளைக்கலாம். முப்பது வயதில் ஒரு தலைக்கு மேல் குட்டையாக முடியாது. உயரம் கூடுமா என்று விடலைப் பருவத்தில் கம்பியில் தொங்கித் தொங்கிப் பார்த்தவர் அவர். இந்த விஷயத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

அவள் ஏன் பார்க்கவில்லை? அவள் முகத்தையே பார்த்தாள். பிரியம் உள்ளவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பொறாமைக்காரன்தான் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பார்ப்பான்.

ஆக, மேஜர் ஒரு ஆள் இல்லை. ஒரே பெயரில் இரண்டு பேர்! படத்தில் நிற்கிற பனைமரம் முதல் ஆள். ஆற்றில் இறங்கியது வேறொருவன். மருந்துக்கடைக்காரர் அந்த வயதில், தனியாக, சாப்பாட்டு அறையில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார்.

விழா நாளன்று சபையில் எழுந்து நின்று போட்டு உடைக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. கட்-அவுட் தலைகுனிந்து நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தார். கட்-அவுட் தலைகுனியாது, பக்கத்தில் நிற்கிறவள்தான் குனிவாள் என்று உறைத்ததும் அதை விட்டுவிட்டார். நல்ல மனசு என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். கடைத்தெருவிலிருந்து அவர்கள் திரும்பும் வரைக்கும்கூட அவர் வயிற்றில் அது தங்குவதாக இல்லை.

கதவு திறந்ததும் திறக்காததுமாகச் சொன்னார்: "உன் மேஜர் குள்ளன்!"

"என்னங்க உளறறீங்க?" கையில் செருப்புப் பெட்டியோடு அவள் நின்றாள். அப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தாள். "ஐயோ, என் தாளெல்லாம் என்ன ஆச்சு?"

"அத விடு. இங்க பாரு, கர்னல். பக்கத்துல இவன். இங்க கர்னல். பக்கத்துல இவன். ஆள் எப்படி இறங்கிட்டான் பாத்தியா?"

அவள் பெட்டியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். "பள்ளத்துல நின்னிருப்பார்."

"மூணு படத்துலயுமா பள்ளம்? காலைப் பாரு. ஒரே தரை."

"கர்னல் கட்டை மேல..."

"கர்னலோட பூட்ஸையும் பாரேன். அவரும் அதே தரையிலதான்."

மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, அப்பா சொல்றது சரிதாம்மா" என்றாள் மெதுவாக.

மனைவி பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஒவ்வொரு படமாகப் பார்த்தாள், திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மருந்துக்கடைக்காரர் மனதுக்குள் அடித்துக்கொண்டிருந்த மேளம் சட்டென்று நின்றது. முழுவதும் நின்றது என்று சொல்ல முடியாது, எங்கோ ஓர் ஓரத்தில் மெல்லத் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

"அப்போ அந்த எட்டு மாசம்?" என்றாள். "ஆஸ்பத்திரில இருந்தது யாரு? நான் அவ்வளவு எழுதினேனே. அங்க யாருமே இல்லையா?"

"நான் இருந்தேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். "அங்க படுத்திருந்தது நான் ஒருத்தன்தான்."

இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே மனதின் அடியிலிருந்து வந்தது அதுதான். அவள் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. ஜன்னலில் காய்ந்து சுருண்டுகொண்டிருந்த தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவள் காப்பகத்துக்குப் போய்ப் புத்தகத்தை நிறுத்தச் சொன்னாள். இயக்குநர் கத்தினாராம். கத்திவிட்டு, விழாவைத் தள்ளிப் போட்டாராம். அடுத்து வந்த வாரங்களில் அவள் வீட்டில் இருந்தும் இல்லாதவளாக இருந்தாள். இரண்டு பேரையும் தையல் பிரித்து, அவரவர் துண்டை அவரவருக்குக் கொடுக்கிற வேலை. நெட்டையன் மேஜரே இல்லை, கேப்டனோடு சரி. போர்முனைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே வயிற்றுக்கடுப்பு என்று ஊருக்குப் போனவன், அங்கேயே கிடங்கு மேற்பார்வை வேலையில் ஒட்டிக்கொண்டான். தொண்ணூறு வயது வரை இருந்து, கட்டிலில் படுத்துச் செத்தான். "கடைசியில நல்ல தொப்பை" என்று அவள் ஒரு வயோதிகப் படத்தைக் காட்டினாள். மருந்துக்கடைக்காரர் அதை வாங்கி வெகுநேரம் ரசித்துப் பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை அவளே சொன்னாள்: "அந்தப் படத்தைக் கழட்டிடுங்க."

நாற்காலி போட்டு ஏறி அவர் கழற்றினார். படத்தைச் சுவரைப் பார்க்க வைத்தார். ஆணியையும் பிடுங்கினார். பிடுங்கிய ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய்க் கல்லாவில் வைத்துக்கொண்டார். அன்று பலகைமேல் ஏறாமலே பாதி வியாபாரம் செய்தார். யாரும் கவனிக்கவில்லை, அவரும் கவலைப்படவில்லை. அவர் வாழ்வில் அதைவிட நல்ல நாள் கல்யாண நாள் ஒன்றுதான்.

அடுத்த வாரம் கையில் அடிக்கோலும் பென்சிலுமாக மனைவி கூப்பிட்டாள். "இங்க வந்து கொஞ்சம் நில்லுங்களேன்."

கதவு நிலையில் ஏற்கெனவே ஒரு கோடு போட்டிருந்தாள். "கட்-அவுட்டுக்கு உயரம் சொல்லணும். கர்னலோட உயரம் அவரோட பணிப்பதிவுல இருக்கு. அத வச்சுக் கணக்குப் போட்டேன். ஒரு ஆள நிக்க வச்சுப் பாத்தா நல்லா இருக்கும். செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க. குதிகால எக்காதீங்க. மூச்சயும் இழுத்துப் பிடிக்காதீங்க, சாதாரணமா நில்லுங்க."

அவர் சாதாரணமாக நின்றார். அடிக்கோலை அவர் உச்சந்தலையில் படுக்கவைத்துவிட்டு அவள் பார்த்தாள். அவள் முகம் அவருக்கு அவ்வளவு கிட்டே வந்து எத்தனையோ நாள் ஆகிறது. கண் இரண்டும் விளக்குப் போட்டதுபோல இருந்தது. "அச்சு அசல் உங்க உயரம்ங்க! மயிரிழை வித்தியாசமில்லை!" என்றாள்.

இத்தனை காலம் எந்தப் பார்வைக்காக ஏங்கினாரோ அந்தப் பார்வை. மருந்துக்கடைக்காரருக்கு நெஞ்சு விம்மியது. ஒரு கணம்தான். அவள் கண் அவரைத் தாண்டி, அவர் தலைக்குப் பின்னால் இருந்த கோட்டில் நின்றது.

"யோசிச்சுப் பாருங்க. அந்த ஆத்துல மத்தவங்களுக்கு இடுப்பளவு தண்ணின்னா இவருக்கு நெஞ்சளவு. அதுல தன்னைவிடப் பெரிய ஆளுங்களத் தோள்ல தூக்கிட்டு வந்திருக்கார். ரெண்டு தடவை! கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

அவருடைய பழமொழி. வாழ்நாள் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால் நின்று அவர் சொல்லிக்கொண்டிருந்த பழமொழி. அதையும் எடுத்து அவனுக்கே கொடுத்துவிட்டாள்.

"அந்த ஆணி எங்கங்க?" என்று கேட்டாள்.

கல்லாவில் வைத்த ஆணியை அவரே எடுத்து வந்து, அவரே அடித்தார். "அவ்வளவு மேல வேணாம். அவர் உயரத்துக்கே இருக்கட்டும்" என்றாள். அதனால் நாற்காலி தேவைப்படவில்லை. சிப்பாய்கள் நடுவே, கர்னலின் காதுக்குக் கீழே நின்ற தாடிக்காரனைத் தனியாகப் பெரிது பண்ணியிருந்தாள். சப்பை மூக்கு. சட்டை தொளதொளவென்று இருந்தது, அந்த உயரத்துக்குச் சட்டை எப்போதும் அப்படித்தான் இருக்கும். அவன் கண் மருந்துக்கடைக்காரரின் கண்ணுக்கு நேர் எதிரே இருந்தது.

விழா நாள் வந்தது. புதிய புத்தகத்தில் மருத்துவமனை அத்தியாயம் இல்லை. முன்னுரையில் 'என் கணவரின் கூர்மையான கண்ணுக்கு' என்று ஒரு வரி நன்றி இருந்தது. மருந்துக்கடைக்காரர் அதைப் பலமுறை படித்துவிட்டு, தலைசீவி, வாசலில் நின்றார். மனைவி புடவை கட்டிக்கொண்டு வந்தாள். காலில் பழைய மட்டச் செருப்பு.

அவருக்கு நம்ப முடியவில்லை. "புதுச் செருப்பு என்ன ஆச்சு?"

"அத அப்பவே திருப்பிக் குடுத்துட்டேனே. மேடையில மேஜர் பக்கத்துல நிக்கணுமில்ல? நான் குதிகால் போட்டு நெட்டைக்கொக்கு மாதிரி நின்னா அவருக்கு எப்படி இருக்கும், பாவம்?"

மகள் ஏற்கெனவே தெருவில் வண்டியை நிறுத்தியிருந்தாள். மருந்துக்கடைக்காரர் நகரவில்லை. உள்ளே திரும்பிச் சுவரைப் பார்த்தார். நெட்டையன் இருந்தபோது அவருக்கு ஒரு பதில் இருந்தது. அவனுக்கென்ன, கடவுள் காலை நீளமாகக் கொடுத்தான், எனக்குக் கொடுக்கவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொள்ளலாம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவர் தூங்கினார். இவனுக்கு இருந்தது அவருக்கு இருந்த அதே கால். அதே காலை வைத்துக்கொண்டு இவன் ஆற்றில் இறங்கினான். அவர் பலகைமேல் ஏறினார்.

"ஏம்மா, நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"சீக்கிரம் கேளுங்க, நேரமாச்சு."

"அந்த நெட்டையன் படத்தையே திரும்ப மாட்டிக்கக் கூடாதா?"

அவள் சிரித்துவிட்டாள். "அவனைத்தான் உங்களுக்கு ஆகவே ஆகாதே! ஏன், இவருக்கு என்ன குறைச்சல்? அச்சு அசல் உங்கள மாதிரிதானே இருக்கார்?"

"அதான்" என்றார் மருந்துக்கடைக்காரர்.